மலைப்பூண்டும் மைல் ஓட்டமும்

1

என்னை லேசில் யாரும் அதிர வைத்துவிட முடியாது. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. பெருமைக்குச் சொன்னாலும் தப்பில்லை. நாலாம் பாரத்தோடு, அதாவது ஒன்பதாம் வகுப்போடு, பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். கொடைக்கானல் மலையில் பூம்பாறைப் பூண்டுக் காட்டில் பாத்தி கட்டிய கை இது. இதே கையால் இந்தக் குளிர் நாட்டில் மாவு பிசைந்து, இன்று மூன்று ரொட்டிக் கடைகளுக்கு முதலாளியாக உட்கார்ந்திருக்கிறேன். எம்.ஏ. படித்தவர்கள் என்னிடம் சம்பளம் வாங்குகிறார்கள். இங்கிலாந்துக்கு வந்த புதிதில் வாடகைக்கு அறை கேட்டு நின்றபோது முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினார்கள். நான் அதிரவில்லை. பிற்பாடு அந்தத் தெருவிலேயே வீடு வாங்கினேன். என் முதல் அடுப்பு வெடித்துக் கூரை பிய்ந்தபோதும் அதிரவில்லை. அன்று மாலையே பக்கத்துக் கடைக்காரன் அடுப்பில் ரொட்டி போட்டு விற்றேன்.

அப்படிப்பட்டவன் போன மாதம் ஒரு சனிக்கிழமை காரை நடுரோட்டில் நிறுத்திவிட்டு வாயைப் பிளந்து உட்கார்ந்திருந்தேன். பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடிக்கிறார்கள். எனக்குக் காதில் விழவில்லை.

விஷயம் இதுதான். என் பேத்தி மீராவுக்குப் பதினைந்து வயது. பள்ளிக்காக ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் ஓடுகிறாள். என் கால் அவளுக்கு வந்திருக்கிறது. என் மகனுக்கு வரவில்லை, அவன் ஆடிட்டர். மீராவைப் பழக்குகிறவர் அவள் பள்ளியின் விளையாட்டு ஆசிரியர் மிஸ்டர் ஹாரிஸ். நல்ல மனிதர் என்று நம்பி, கிறிஸ்துமஸுக்கு என் கடையிலிருந்து பெரிய கேக்காக அனுப்பியிருந்தேன். அந்தச் சனிக்கிழமை நான் போன வழியில், ஆற்றோரப் பூங்காவில் அவர் நின்றிருந்தார். கழுத்தில் விசில், கையில் ஸ்டாப் வாட்ச். அவருக்கு எதிரே ஊதாச் சட்டை போட்ட ஒரு பெண் ஓடிக்கொண்டிருந்தாள். ஊதா எங்கள் பள்ளியின் நிறம் இல்லை. அது ஆற்றுக்கு அந்தப் பக்கத்துப் பள்ளி. அந்தப் பெண் எம்மா. போன வருடம் மீராவுக்கு இரண்டடி பின்னால் வந்து, அழுதுகொண்டே கை கொடுத்த அதே எம்மா. மீராவுக்குச் சொல்லிக்கொடுக்கும் மனிதர், மீராவை முந்துவதற்கு அவளுக்கும் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். பட்டப்பகலில். கூச்சநாச்சம் இல்லாமல்.

வீட்டுக்குப் பறந்தேன். மீரா காலைச் சாப்பாட்டில் இருந்தாள்.

“மீராக்குட்டி, ஒன் மாஸ்டர் அந்த ஊதாச் சட்டைக்காரிக்கும் சொல்லிக் குடுக்கிறாரு! என் கண்ணால பாத்தேன்!”

அவள் டோஸ்ட்டைக் கடித்தாள். “தெரியும் தாத்தா.”

“தெரியுமா?”

“எம்மா என் ஃப்ரெண்ட். சம்டைம்ஸ் அவ அம்மா கார்லதான் நான் வருவேன்.”

நான் மகனைப் பார்த்தேன். அவன் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “அப்பா, அவர் லீவு நாள்ல அவர் என்ன செஞ்சா நமக்கென்ன? இங்க எல்லாரும் செய்யிறதுதான்.”

“கவுண்டி டீமுக்கு ஒருத்திதான் போக முடியும். அவ இவள ஜெயிச்சுட்டா?”

“ஜெயிச்சா ஜெயிக்கட்டும்.”

இங்கே கவுண்டி என்றால் ஜில்லா; ஜில்லாவுக்கு ஓடும் வாய்ப்பைப் பற்றி என் மகன் சொன்னது இது. நான் பெற்று, நான் படிக்க வைத்த மகன். ஹாரிஸ் செய்த காரியத்தில் பாதி அதிர்ந்திருந்தேன் என்றால், மீதியை இவன் முடித்து வைத்தான். மீரா எழுந்து வந்து என் தோளைத் தட்டி, “தாத்தா, நீங்க ரொம்ப டிராமா” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

2

திங்கட்கிழமை வெள்ளனே பள்ளி அலுவலகத்தில் போய் நின்றேன்.

பெயர் கேட்டார்கள். பூம்பாறை என்றேன். ஊரில் இருக்கிறவர்களுக்கு இது விளங்காது, அதனால் சொல்கிறேன். இந்த நாட்டில் இறங்கிய அன்று, குடும்பப் பெயர் என்ன என்று ஒரு அதிகாரி கேட்டான். எனக்கு அப்பன் பெயர் உண்டு, சாமி பெயர் உண்டு, குடும்பப் பெயருக்கு எங்கே போவேன்? வாயில் வந்தது ஊர்ப் பெயர். அன்றிலிருந்து நான் மிஸ்டர் பூம்பாறை. அதை மாற்றப் பிறகு எழுதிப் போட்டதற்கு, அது என் பெயர்தான் என்பதற்குச் சாட்சி கேட்டார்கள். போகட்டும் என்று விட்டுவிட்டேன். இப்போது ஓட்டப் பந்தயங்களில் ஒலிபெருக்கி ‘மீரா பூம்பாரி’ என்று முழங்குகிறது. எங்கள் ஊர்ப் பெயரை இங்கிலாந்து ஆகாயத்தில் ஏற்றியவன் நான் ஒருவன்தான்.

வரவேற்பில் இருந்த அம்மாளிடம் என் குறையைச் சொன்னேன். என் இங்கிலீஷ் வியாபாரத்துக்குப் போதும்; கோபத்துக்குப் போதாது. “மிஸ்டர் ஹாரிஸ் எங்களுக்குத் துரோகம் செய்கிறார், எங்களுக்குத் தெரியாமல் அவருக்கு இன்னொரு பெண் இருக்கிறாள்” என்பதுபோல என்னவோ சொல்லிவிட்டேன். அந்த அம்மாள் என்னை ஹாரிஸின் மாமனார் என்று நினைத்துக்கொண்டாள். முகம் இளகிவிட்டது. காகிதக் கைக்குட்டைப் பெட்டியை என் பக்கம் தள்ளினாள். “இது குடும்ப விஷயம், சார், நாங்கள் தலையிட முடியாது” என்றாள். விளங்க வைப்பதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது.

கடைசியில் தலைமை ஆசிரியை வந்தார். புன்னகை மாறாமல் கேட்டுக்கொண்டார். புகார் எழுதப் பல பக்கம் உள்ள ஒரு படிவம் தந்தார். அதில் ஒரு கட்டம்: எந்த விதி மீறப்பட்டது? பேனாவை வைத்துக்கொண்டு அந்தக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். எந்த விதியும் மீறப்படவில்லை. ஹாரிஸ் தன் பள்ளியிடம் சொல்லிவிட்டுத்தான் செய்கிறார். எல்லோருக்கும் தெரியும். யாருக்கும் வலிக்கவில்லை.

இதே காரியத்துக்காக எங்கள் மலையில் ஒரு மனிதர் பெட்டி கட்டினார். அவரோடு சேர்ந்து நானும் கட்டினேன்.

3

ஐம்பதுகளின் கடைசி. பூம்பாறையிலிருந்து கொடைக்கானல் சந்தைக்குப் பூண்டு குதிரைப் பொதியில்தான் பெரும்பாலும் போகும். ஒருநாள் சந்தை முனையில் எங்கள் குதிரை ஒரு கார் ஹாரனுக்கு மிரண்டு, பொதியோடு ஓட்டம் பிடித்தது. நானும் பிடித்தேன். ஏரிக்கரை வளைவில் குதிரையை எட்டிக் கடிவாளத்தை இழுத்து நிறுத்தியபோது, காக்கி அரைக்கால் சட்டையும் இரண்டு ஸ்வெட்டருமாக ஒருவர் மூச்சிரைக்க ஓடிவந்தார்.

“ஏலே, யாருலே நீ?”

“பூம்பாறைங்க. குழந்தைவேலுங்க.”

“பள்ளிக்கூடம் போறியா?”

“அதுக்கெல்லாம் எங்கிட்டுங்க நேரம்? ஏழாவதோட நின்னாச்சு. காட்டுச் சோலி கெடக்கு.”

அவர்தான் சாமிக்கண்ணு சார். கொடைக்கானலில் ஒரு பள்ளியின் டிரில் மாஸ்டர். மதுரைக்காரர். குளிர் ஆகாது. எப்போதும் கழுத்தில் ஒரு வெள்ளைத் துண்டு சுற்றியிருக்கும். என் அப்பாவிடம் நடையாய் நடந்து, என்னைப் பள்ளியில் சேர்த்து, இலவச ஹாஸ்டலிலும் இடம் வாங்கிக் கொடுத்தார். பதினோராம் வகுப்பு வரை தள்ளிவிட்டால் ஓட்டக்காரனுக்கு ரயில்வேயிலோ போலீஸிலோ வேலை நிச்சயம் என்று அப்பாவுக்குச் சொன்னார்.

நான் ஓடினேன். எப்படி ஓடினேன் என்று கேளுங்கள். போட்டிக்கு வந்தவர்கள் என் முதுகைத்தான் பார்த்தார்கள். இரண்டு வருடம் கோப்பை எங்கள் பள்ளிக்கு வந்தது. ஆனால் கணக்கில் முட்டை, இங்கிலீஷில் முட்டை. நாலாம் பாரத்தில் உட்கார்ந்துவிட்டேன். ஹெட்மாஸ்டர் என்னையும் சாரையும் நிற்க வைத்துச் சொன்னார்: “இந்த வருசம் திண்டுக்கல்ல மைல் கப்பு வந்தா இவன் ஹாஸ்டல்ல இருக்கட்டும். வரலைன்னா பூண்டுக் காட்டுக்குப் போகட்டும். எடம் கேட்டு எத்தனை பேரு நிக்கிறாங்க தெரியுமா?”

சார், “கப்பு வருங்க சார்” என்றார். அதைச் சொல்லும்போது அவர் குரலில் கொஞ்சம்கூடச் சந்தேகம் இல்லை. எந்தப் பள்ளிக்கு என்று அவர் சொல்லவில்லை என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

4

சாரின் பாடம் வினோதமானது. உரித்த பூண்டுப் பல் ஒன்றை முன்பற்களுக்கு நடுவில் வைத்துக்கொள்ள வேண்டும். கடிக்கக் கூடாது, கடித்தால் மலைப்பூண்டு நாக்கைப் பொசுக்கிவிடும். வாயைத் திறக்கக் கூடாது, திறந்தால் விழுந்துவிடும். ஆகவே மூக்கால்தான் மூச்சு. அந்தக் குளிரில், பனிமூட்டத்தில், ஏரியைச் சுற்றி அப்படி ஓட வேண்டும். கடைசி வளைவில் சார் நிற்பார். நான் நெருங்கியதும் கழுத்துத் துண்டை உருவி ஒரே தூக்காகத் தூக்குவார். அப்போது துப்ப வேண்டும். வாய் திறந்ததும் அடைத்து வைத்த மதகு திறந்ததுபோல் காற்று உள்ளே இறங்கும். பிறகு கால் தானாகப் பறக்கும்.

இன்னொன்றும் ஓயாமல் சொல்வார்: “கைய எறக்குலே! கை நெஞ்சுக்கு மேல ஏறுச்சுன்னா கால் செத்துரும்!”

பூண்டு நான்தான் கொண்டு வருவேன். ஊருக்குப் போய்த் திரும்பும்போதெல்லாம் எங்கள் காட்டுப் பூண்டு பெரிய பெரிய கட்டாக. “இன்னொரு கட்டு கொண்டாலே” என்பார் சார். ஒண்டிக்கட்டை மனிதர் இவ்வளவு பூண்டை என்ன செய்கிறார் என்று ஒருமுறை கேட்டேன். “வாய்வுக்கு நல்லதுடா” என்றார்.

பக்திமான் என்றும் பெயர். கிருத்திகை, சஷ்டி தவறாமல் வில்பட்டி வழியாக ஒற்றையடிப் பாதையில் பழனிக்கு இறங்குவார். கிருத்திகைக்கு லீவு கேட்டால் ஹெட்மாஸ்டர் கன்னத்தில் போட்டுக்கொண்டு கொடுப்பார். திரும்பும்போது நெற்றி நிறைய விபூதி, கையில் பஞ்சாமிர்தம். எங்களுக்கு ஆளுக்கொரு கரண்டி. மற்றபடி ஞாயிற்றுக்கிழமைகளில் ஆடலூரில் தங்கச்சி வீடு என்று கிளம்புவார். அங்கிருந்து வரும்போது பை நிறைய ஆரஞ்சு. அதையும் சுளை சுளையாகத் தின்றோம். இவ்வளவு பாசக்கார அண்ணன் உண்டா என்று ஹாஸ்டல் சமையல்காரர் கண் கலங்குவார்.

அந்த ஆரஞ்சுக்கும் பஞ்சாமிர்தத்துக்கும் நான் என்ன விலை கொடுத்துக்கொண்டிருந்தேன் என்று எனக்குத் தெரியாது.

5

திண்டுக்கல் மைதானம். சுண்ணாம்புக் கோடு வெயிலில் கண்ணைக் குத்தியது. மலையில் பழகிய நெஞ்சுக்குச் சமவெளி ஓட்டம் லேசு. நான் கோட்டில் நின்றபோதே கோப்பையை எந்த அலமாரியில் வைப்பார்கள் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

இடப்பக்கம் பழனிப் பள்ளியின் தண்டபாணி. சிவந்த, மெலிந்த பையன். கோயில் கைங்கரியம் செய்யும் குடும்பம். அவன் அப்பா சாமிக்குப் பூ கட்டிக் கொடுப்பவர். அந்த வீட்டில் வெங்காயம்கூட வாசலைத் தாண்டாது. வலப்பக்கம் ஆடலூரை அடுத்த பெரும்பாறை எஸ்டேட் அந்தோணி, காப்பித் தோட்டத்துக் கூலிக்காரர் மகன். அடிவாரத்துப் பள்ளியில் படித்தான். அவனை நான் அதற்கு முன் ஓட்டத்தில் பார்த்ததில்லை.

“என்னலே மலைக்கொரங்கு, கீழ எறங்கிட்ட?” என்றான் தண்டபாணி.

“பாத்து நில்லுலே. ஒனக்கு என் முதுகுதான் பிரசாதம்.”

அவன் சிரித்தபோது பூண்டு வாடை வந்ததுபோல இருந்தது. என் கையில்தான் உரித்த பூண்டு இருக்கிறதே, அதுதான் என்று அதை வாயில் வைத்துக்கொண்டேன். கோயில் வீட்டுப் பையன் வாயில் பூண்டு இருக்கும் என்று யார் நினைப்பார்கள்?

துப்பாக்கி வெடித்தது. ஓடினோம். கடைசிச் சுற்று வரை நான்தான் முன்னால். தாரை தப்பட்டை மாதிரி பின்னால் இரண்டு ஜோடிக் கால்கள் மட்டும் விடாமல் ஒட்டிக்கொண்டு வந்தன. வரட்டும் என்று விட்டேன். கடைசி வளைவு வருகிறது. அதோ சார். அதோ அவர் கை கழுத்துக்குப் போகிறது. துண்டு மேலே எழுந்தது.

நான் துப்பினேன்.

இடப்பக்கம் ஒருவன் துப்பினான்.

வலப்பக்கம் இன்னொருவன் துப்பினான்.

மூன்று பூண்டுப் பல். ஒரே துண்டுக்கு. நான் தலையைத் திருப்பிப் பார்த்தேன். மைல் ஓட்டத்தில் தலையைத் திருப்பினவன் எவனும் ஜெயித்ததில்லை. அந்தோணி நெஞ்சால் கயிற்றை அறுத்தான். அடுத்து தண்டபாணி. அடுத்து நான். மூவருக்கும் இடையில் ஒரு முழம்கூட இல்லை.

ஆனால் தோற்றது அல்ல என்னைக் கொன்றது. அந்தோணி கயிற்றை அறுத்த அந்த நொடியில் சாரைப் பார்த்தேன். துண்டைச் சுழற்றிக்கொண்டு குதித்துக்கொண்டிருந்தார். போன வருடம் நான் ஜெயித்தபோது எப்படிக் குதித்தாரோ, அதே குதி. அதே முகம். இம்மியும் குறையவில்லை.

6

புல்லில் விழுந்து கிடந்தோம். மூன்று வாயிலிருந்தும் பூண்டு வாடை.

“ஏலே,” என்றேன் தண்டபாணியிடம், “ஒனக்குமா?”

அவன் என்னை விட அதிர்ந்து போயிருந்தான். “சாமி சத்தியமா என்னைத் தவிர யாருக்கும் சொல்லித் தரலைன்னு நெனச்சேன்லே. யானைப் பாதையில விடியக்காலம் ஓட விடுவாரு. பாக்கிறவுக வேண்டுதல்னு நெனச்சு வழி விடுவாக. பூண்டைத் துப்பிட்டு, சரவணப் பொய்கையில பத்துவாட்டி வாய் கொப்பளிச்சுட்டுத்தான் வீட்டுக்குப் போவேன். எங்கப்பாவுக்குத் தெரிஞ்சா வீட்டுக்குள்ள விட மாட்டாரு.”

அந்தோணி மல்லாந்து படுத்தபடி, “எனக்கு ரெண்டு வருசமா சொல்லித் தாரார்” என்றான், ஏதோ பரம்பரைச் சொத்து மாதிரி.

“எனக்கு மூணு வருசம்லே!” என்று கத்தினேன். “நான்தான் மொத ஆளு! நீங்க தின்ன பூண்டு எங்கப்பன் வெளைய வச்ச பூண்டு! நான் தலையில சொமந்து கொண்டாந்த பூண்டு!”

“நாங்க திங்கலலே,” என்றான் அந்தோணி. “துப்பினோம்.”

தண்டபாணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை. இன்றுவரை வரவில்லை.

மற்றதைப் பரிசளிப்பு விழா செய்து முடித்தது. அடிவாரத்துப் பள்ளியின் ஹெட்மாஸ்டர், விவரம் தெரியாத நல்ல மனிதர், மேடையேறி மைக்கைப் பிடித்தார். “எங்கள் பையனைத் தன் சொந்தப் பிள்ளைபோல் ஞாயிறுதோறும் வந்து பழக்கிய கொடைக்கானல் மாஸ்டருக்கு எங்கள் பள்ளி கடமைப்பட்டிருக்கிறது” என்று மாலையைக் கையில் எடுத்தார். உடனே பழனிப் பள்ளியின் ஹெட்மாஸ்டரும் விட்டுக்கொடுக்காமல் எழுந்து, “எங்கள் பையனையும்தான்!” என்றார். நான் எங்கள் ஹெட்மாஸ்டரின் முகத்தைப் பார்த்தேன். கன்னத்தில் போட்டுக்கொண்டு லீவு கொடுத்த மனிதர். வாய் திறந்தது திறந்தபடி இருந்தது. பக்கத்தில் இருந்தவர் தண்ணீர் கொடுத்தார்.

சார் இரண்டு மாலைகளையும் போட்டுக்கொண்டு மேடையில் நின்றார். கழற்றவும் தெரியாமல், இறங்கவும் தெரியாமல்.

7

அந்த வாரமே சாருக்கு வேலை போயிற்று. எனக்கு ஹாஸ்டல் போயிற்று. ஹெட்மாஸ்டர் எனக்குச் சொன்னது ஒரே வரி: “பொட்டியக் கட்டிக்கிட்டு வெரசா கெளம்பு.”

கொடைக்கானல் பஸ் ஸ்டாண்டில் ஒரே காலையில் இருவரும் நின்றோம். அவர் கீழே வத்தலக்குண்டு பஸ்ஸுக்கு. நான் மேலே பூம்பாறைக்கு நடக்க. அவரோடு பேசக் கூடாது என்று இருந்தேன். அவர்தான் டீ வாங்கி நீட்டினார். வாங்கவில்லை.

“கோவமாலே?”

“ஏன் சார் இப்படிச் செஞ்சீங்க?”

டீயை அவரே குடித்தார். “ஒரு நாள் ஆடலூர்ப் பக்கம் போனேன். அந்தப் பய எஸ்டேட் லாரிக்கு முன்னால ஓடிக்கிட்டிருந்தான். கிருத்திகைக்குப் போனேன். அந்தப் பூக்காரர் மகன் படியில ஏறிக்கிட்டிருந்தான். பாத்துட்டேன். பாத்த பெறகு பாக்காத மாதிரி எப்படிலே இருக்கிறது?”

“எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல?”

“சொல்லியிருந்தா நீ அன்னைக்கே பூண்டத் துப்பிட்டுப் போயிருப்ப.”

அது உண்மை. உண்மை என்பதாலேயே இன்னும் கோபம் வந்தது. பஸ் உறுமத் தொடங்கியது. நடத்துநர் விசில் ஊதினார். சார் படியில் கால் வைத்தபோது, மூன்று நாளாக என் தொண்டையில் நின்ற கேள்வியைக் கேட்டேன்.

“நாங்க மூணு பேரும் வளைவுல வந்தப்ப, யாரு ஜெயிக்கணும்னு சார் நெனச்சீங்க?”

அவர் என்னைப் பார்த்தார். கழுத்துத் துண்டைத் தொட்டுப் பார்த்தார்.

“துண்டத் தூக்குனேன்லே,” என்றார். “அம்புட்டுத்தான் எனக்குத் தெரியும்.”

இது ஒரு பதிலா? நீங்களே சொல்லுங்கள். என் சோறு, என் படிப்பு, என் ரயில்வே வேலை, எல்லாம் அந்த வளைவில் கிடந்தது. அவருக்கு ஒரு துண்டு. பஸ் இறங்கிப் போனது. அதன்பின் அவரை நான் பார்க்கவில்லை.

பூம்பாறையிலும் நான் நெடுநாள் தங்கவில்லை. கொடைக்கானலில் சீசனுக்கு வரும் வெள்ளைக்காரர்களுக்கு ரொட்டி போடும் ஒரு ஹோட்டல் அடுப்படியில் புகுந்தேன். ஆறே மாதத்தில் ரொட்டி மேஸ்திரியை விட நன்றாக மாவு பிசைந்தேன். அறுபதுகளின் தொடக்கத்தில் ஊர் திரும்பிய ஒரு தோட்டத்துரை குடும்பம், என் ரொட்டியை விட்டுப் பிரிய மனமில்லாமல் என்னையும் கப்பலேற்றியது. மற்றது உங்களுக்குத் தெரியும். இன்று என் கடைகளில் அதிகம் விற்பது எது தெரியுமா? பூண்டு ரொட்டி. அதை நான் தொடுவதில்லை.

8

இந்த வருடம் ஹாரிஸுக்குக் கேக் கிடையாது என்று கடையில் சொல்லி வைத்தேன். போன சனிக்கிழமை கவுண்டி அணிக்கான ஓட்டம். வர மாட்டேன் என்று முறைத்துக்கொண்டு இருந்தவன், விடியுமுன்னே காரில் ஏறி உட்கார்ந்திருந்தேன்.

மைதானத்தில் மகன் இறுதிக் கோட்டருகே நாற்காலி போட்டுக்கொண்டான். நான் போகவில்லை. கடைசி வளைவின் வேலியோரம் போய் நின்றேன். ஏன் அங்கே போனேன் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. கால் போயிற்று. நல்ல குளிர். கழுத்தில் மஃப்ளர். எதிர்ப்பக்கம் ஹாரிஸ் நின்றிருந்தார். நான் அவரைப் பார்க்கவில்லை என்பதை அவர் பார்க்கும்படி நின்றேன்.

‘மீரா பூம்பாரி’ என்று ஒலிபெருக்கி முழங்கியது. ஓட்டம் தொடங்கியது. முதலிலிருந்தே மீராவும் எம்மாவும்தான். மற்றவர்கள் எங்கோ. கடைசிச் சுற்றில் மீரா ஒரு கஜம் முன்னால். அழகாக ஓடினாள். வாய் இறுக்கம் இல்லை, தோள் ஆடவில்லை. குறை சொல்ல ஒன்றுமில்லை. என் கண் அவளிடம் நிற்கவில்லை. பின்னால் வந்தவளிடம் போயிற்று. எம்மாவின் கை ஏறிக்கொண்டிருந்தது. முழங்கை விலாவை விட்டு விலகி, முஷ்டி நெஞ்சுக்கு மேல் வந்துவிட்டது. இன்னும் பத்தடியில் அவள் கால் செத்துவிடும். அவ்வளவு நல்ல ஓட்டம் வீணாகப் போகப் போகிறது.

“கை!” என்று ஒரு சத்தம் கேட்டது. “கைய எறக்கு! ஹேண்ட்ஸ்! ஹேண்ட்ஸ் டவுன்!”

என் சத்தம்தான். வாழ்நாளிலேயே அன்றுதான் எனக்கு இங்கிலீஷ் தடுக்காமல் வந்தது.

எம்மாவின் கை இறங்கியது. இறங்கியதும் அந்தப் பெண் நீண்டாள். வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. மீராவின் தோளைத் தொட்டாள், கடந்தாள், கோட்டை முதலில் தாண்டினாள். என் நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று துள்ளிக் குதித்தது. அடுத்த கணம், அது எதற்குக் குதித்தது என்று உறைத்தது.

எதிர்ப்பக்கத்திலிருந்து ஹாரிஸ் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் சிரிக்கவில்லை. தொப்பியைக் கொஞ்சம் தூக்கினார்.

மீரா கோட்டிலிருந்து திரும்பி, வேலியோரமாகவே மெதுவாக நடந்து வந்தாள். முகம் சிவந்திருந்தது. எனக்கு முன்னால் வந்து நின்றாள். இடுப்பில் கை வைத்து மூச்சை அடக்கினாள். பிறகு, எனக்காகத் தமிழிலேயே, ஒவ்வொரு சொல்லாகத் தேடிக் கேட்டாள்.

“தாத்தா, யாரு ஜெயிக்கணும்னு நீங்க நெனச்சீங்க?”

அவளுக்கு நான் கொடைக்கானல் பஸ் ஸ்டாண்டைப் பற்றிச் சொன்னதே இல்லை. அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, எனக்கு மேலே எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் நிமிர்ந்து பார்த்தேன். என் வலது கை தலைக்கு மேல் இருந்தது. அதில் என் மஃப்ளர். எப்போது கழற்றினேன், எப்போது தூக்கினேன் என்று தெரியவில்லை. இன்னும் இறக்கவில்லை.